அம்மாவின் நினைவாக அரசு மருத்துவமனைக்கு ஏதாவது செய்ய வேண்டும். எது உண்மையில் நோயாளிக்குப் பயன்படும்?

வைகைக்கரை (மதுரை)

வணக்கம். அம்மா இறந்து வருகிற ஆவணியோடு ஓராண்டு ஆகிறது. கடைசி சில மாதங்கள் அரசு மருத்துவமனையில் புற்றுநோய் வார்டில்தான் இருந்தார். நானும் தம்பியும் தங்கையும் சேர்ந்து 60,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டில் திதி என்றால் வழக்கமாகக் கோயிலில் அன்னதானம். இந்த முறை அந்தப் பணம் அம்மா படுத்திருந்தது போன்ற ஒரு வார்டுக்குப் போக வேண்டும் என்று மூன்று பேருக்குமே தோன்றுகிறது.

சொந்தக்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பழமும் பிரெட்டும் வாங்கிக் கொடு என்கிறார் மாமா. வீல்சேர் வாங்கி அம்மா பேரை எழுதி வை என்கிறார் சித்தப்பா. கஷ்டப்படுகிற ஒரு குடும்பத்தின் செலவை மொத்தமாக ஏற்றுக்கொள்வோம் என்பது தங்கையின் விருப்பம். தம்பி கேட்கிற கேள்வி வேறு: சிகிச்சையும் இலவசம், காப்பீடும் இருக்கிறது, அப்புறம் நாம் கொடுக்க என்ன மிச்சம் இருக்கிறது?

மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்கள், நோயாளியாக இருந்தவர்கள், தொடர்ந்து உதவி செய்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கொங்குமணி (திருப்பூர்)

நல்ல எண்ணம் தம்பி. எங்கள் பனியன் கம்பெனியில் பல வருஷமாக முதலாளி பிறந்தநாள், ஆயுத பூஜை என்றால் அரசு ஆஸ்பத்திரிக்குப் பழம், பிரெட், பிஸ்கட் கொடுக்கிறோம். வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்தாலே போதும். மாமா சொல்வதைக் கேளுங்கள். பசிக்குக் கொடுப்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இரவுப்பணி

நான் டெல்டா பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். தம்பி கேட்டாரே, அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கிறது. அரசு மருத்துவமனையில் படுக்கைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது. நோயாளிக்குப் பால், ரொட்டி, முட்டை, சாதம் எல்லாம் உண்டு. இவ்வளவும் இருந்தும் ஒரு குடும்பம் நொடிந்து போகிறது. ஏனென்றால் நோயாளியோடு வந்திருக்கிற ஆளுக்கு இவற்றில் எதிலும் இடம் இல்லை. கூலி வேலைக்குப் போகிற புருஷன் படுக்கையில், கூலி வேலைக்குப் போகிற பெண்டாட்டி அவர் பக்கத்தில். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த இரண்டு கூலியும் நின்றுவிட்டது. பிள்ளைகள் பாட்டி வீட்டில். அவர்களுக்கும் பணம் அனுப்ப வேண்டும்.

வார்டில் அடிக்கடி பார்க்கிறேன். சாப்பாடு வந்ததும் நோயாளி "பசிக்கலை சிஸ்டர்" என்பார். நாங்கள் நகர்ந்ததும் தட்டு பக்கத்தில் இருக்கிற அம்மாவிடமோ மனைவியிடமோ போகும். கீமோ (புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து) போட்ட உடம்புக்குப் புரதம் வேண்டும் என்று டாக்டர் முட்டை எழுதியிருப்பார். அந்த முட்டையைச் சாப்பிடுவது வேறு ஆள். யாரையும் குறை சொல்ல முடியுமா? கூட இருப்பவருக்கு ஒரு வேளை சாப்பாடு கிடைத்தால்தான் நோயாளியின் சாப்பாடு நோயாளிக்குப் போகும்.

அடுத்தது பஸ் காசு. கீமோ பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. முதல் இரண்டு தடவை வருவார்கள், நான்காவதுக்கு ஆள் வராது. போன் போட்டால் "கதிரறுப்பு முடிஞ்சதும் வர்றேங்க" என்பார்கள். மருந்து இங்கே இலவசமாக இருக்கிறது, ஆனால் வந்து போக இரண்டு பேருக்கு ஆகும் செலவு கையில் இல்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பது பெரிய உதவி. நூறு கிலோமீட்டர் தாண்டி வருகிறவர்களுக்கு அது போதாது.

மூன்றாவது, யாரும் வெளியே சொல்லாத ஒன்று. பெரியவர்களுக்கான டயப்பர். ஒன்று நாற்பது ஐம்பது ரூபாய், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தேவைப்படும். இடுப்பு எலும்பு உடைந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றியவர்கள். பழைய புடவையைக் கிழித்து வைத்துக்கொள்வார்கள். வாடை வருகிறது என்று பக்கத்துப் படுக்கைக்காரர் முகம் சுளித்தால் அந்த அம்மா போர்வையைத் தலை வரை இழுத்துக்கொள்வார். ஒரு பாக்கெட் டயப்பரும், புண்ணுக்குப் போடும் நல்ல களிம்பும், ஒரு மெல்லிய நைட்டியும் அவரை மறுபடி மற்றவர்களோடு பேச வைத்துவிடும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கொங்குமணி அண்ணே, உங்கள் நல்ல மனசைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் பழத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டயாலிசிஸ் நோயாளிக்கு வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர் மூன்றும் ஆகாது. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகும் அளவுக்கு ஆபத்து. கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கிறவர்களுக்குத் திராட்சை மாதிரித் தோலோடு சாப்பிடும் பழத்தைப் பல வார்டுகளில் அனுமதிப்பதில்லை. சர்க்கரை நோயாளிக்கு கிரீம் பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனால் ராத்திரி இன்சுலின் கணக்கு எல்லாம் மாறிவிடும். எந்த வார்டுக்கு என்ன கொடுக்கலாம் என்று முதல் நாளே கேட்டுவிட்டுக் கொண்டுவந்தால் எங்களுக்கும் சந்தோஷம்.

கொங்குமணி (திருப்பூர்)

இளநீர் ஆகாது என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் எங்களிடம் சொன்னதில்லை சிஸ்டர். வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். நாளைக்கே மேனேஜரிடம் பேசுகிறேன். கூட இருப்பவர்களுக்குச் சாப்பாடு என்றால் அம்மா உணவகம் இருக்கிறதே?

இரவுப்பணி

இருக்கிற இடத்தில் அது தெய்வம் மாதிரி. பெரிய மருத்துவமனை வளாகங்களில் இருக்கிறது. எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும், தாலுகா மருத்துவமனையிலும் கிடையாது. அது மட்டும் இல்லாமல் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆம்புலன்சில் வந்து இறங்குகிறவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். மாற்றுத்துணி இல்லை, பாய் இல்லை, பணம் எடுத்து வரவில்லை, போனில் சார்ஜ் இல்லை.

செங்கதிர்

எல்லோரும் நல்ல மனதோடு பேசுகிறீர்கள், ஆனாலும் ஒரு கேள்வி. டயப்பரும் பஸ் காசும் அட்டெண்டர் (நோயாளியோடு கூட இருப்பவர்) சாப்பாடும் அரசு கொடுக்க வேண்டியவை இல்லையா? நாம் வரி கட்டுகிறோம். நல்லவர்கள் நாலு பேர் குறையை அடைத்துக்கொண்டே இருந்தால் குறை இருப்பதே மேலே தெரியாது. 60,000 ரூபாயை வைத்துக்கொண்டு ஒரு மனு எழுதுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், சட்டமன்ற உறுப்பினரைப் பாருங்கள். அம்மாவின் பெயரால் ஒரு நிரந்தர மாற்றம் வரட்டும்.

மூன்றாம்வார்டு

செங்கதிர் தோழருக்கு. நான் ரத்தப் புற்றுநோயோடு பல மாதம் அரசு மருத்துவமனையில் கிடந்தவன். இப்போது நன்றாக இருக்கிறேன். அரசு செய்ய வேண்டியது என்று நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எனக்குப் போட்ட மருந்தை வெளியே வாங்கியிருந்தால் எங்கள் நிலம் போயிருக்கும். அரசுதான் காப்பாற்றியது.

ஆனால் படுக்கையில் கிடக்கிறவனுக்கு அடுத்த பட்ஜெட் வரை பொறுத்திருக்க முடியாது. வாய் முழுக்கப் புண், எச்சில் விழுங்க முடியவில்லை. வெளியிலிருந்து வரும் தன்னார்வலர் ஒருவர் ஒரு பிளாஸ்கும் ஒரு மிக்சியும் வார்டுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். இட்லியையும் பாலையும் அடித்துக் கூழாக்கித் தருவார்கள். அந்த மிக்சி இல்லையென்றால் மூக்கில் குழாய்தான். மனுவும் எழுதலாம், மிக்சியும் வாங்கலாம். நானே இரண்டும் செய்கிறேன்.

இன்னொன்று ரத்தத் தட்டணுக்கள். எடுத்து ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும். ஏப்ரல் மே மாதம் கல்லூரி லீவு விட்டால் ரத்த தானம் செய்கிற பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள், வார்டில் எல்லோருக்கும் பயம் வந்துவிடும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். வைகைக்கரை அண்ணன் வீட்டில் மூன்று பேர் இருக்கிறீர்கள். கோடையில் கொடுத்தால் அதன் மதிப்பே தனி.

பாலாறு (காஞ்சிபுரம்)

கொஞ்சம் பழைய கதை. வாலாஜாபாத் பக்கத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டு வீரராசேந்திர சோழன் காலத்தது, 11ஆம் நூற்றாண்டு. 15 படுக்கையோடு ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, நடந்ததை அது சொல்கிறது. நான் அதில் ரசிப்பது கணக்கை. மருத்துவருக்கு இவ்வளவு, அறுவை செய்பவருக்கு இவ்வளவு, மூலிகை கொண்டு வருபவர்களுக்கு, பணிவிடை செய்யும் பெண்களுக்கு, நாவிதருக்கு என்று ஆண்டுக்கூலி நெல்லும் காசுமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. படுத்திருப்பவர் தலைக்கு ஒரு நாழி அரிசி. வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள். இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய் வரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

கட்டடம் கட்டிப் பேர் பொறிப்பதோடு நிற்காமல் அது நாள்தோறும் நடக்க என்ன வேண்டும் என்று யோசித்துக் கொடுத்த கொடை அது. சித்தப்பா சொல்கிற வீல்சேரை இந்தக் கண்ணோடு பாருங்கள். பெரும்பாலான மருத்துவமனையில் வீல்சேர் இருக்கும், ஒரு சக்கரம் ஆடும்.

வட சென்னையில் ஸ்டான்லியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே பெரியவர்கள் சொல்வார்கள். 1782இல் பஞ்சம் பிழைக்க வந்தவர்களுக்கு மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றியதிலிருந்து வளர்ந்த மருத்துவமனை. அடையாறு புற்றுநோய் நிலையமும் 1954இல் 12 படுக்கையோடுதான் ஆரம்பித்தது. முத்துலட்சுமி ரெட்டி பொதுமக்களிடம் கையேந்திச் சேர்த்த பணம். அங்கே டாக்டர் சாந்தா தன் ஆயுள் முழுவதையும் கொடுத்தார்.

இரவுப்பணி

பாலாறு ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. வீல்சேர் கொடுக்க நிறையப் பேர் வருகிறார்கள். இருக்கிற வீல்சேருக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் கட்டில் சக்கரத்துக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு மெக்கானிக்கை வைத்து கிரீஸ் போட்டு, டயர் மாற்றிக் கொடுக்க யாரும் வருவதில்லை. அதில் பேர் எழுத இடம் இல்லை என்பதாலோ என்னவோ.

தெல்லிப்பழைவாசி (யாழ்ப்பாணம்)

எங்கள் பக்க நிலவரத்தையும் சொல்கிறேன். இலங்கையிலும் அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். ஒரு காலத்தில் வடக்கிலிருந்து புற்றுநோய்க்குக் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் மகரகம வைத்தியசாலைக்குப் போய் வந்தவர்கள் ஏராளம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். மொழியும் தெரியாது, தங்க இடமும் இல்லை. 2011இல் தெற்கே தெவிநுவர முனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் ஒரு நடைபயணம் போனார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் வழிநெடுகச் சேர்ந்து நடந்து காசு திரட்டினார்கள். அது தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக்காக. யுத்தம் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் காசைவிட அந்த நடை எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

இப்போது அந்தியேட்டிக் கிரியை, ஆண்டுத் திவசம் என்றால் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் வைத்தியசாலைக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கச் சொல்லிக் காசு அனுப்புகிறார்கள். ஒரே நாளில் மூன்று வீட்டுப் பார்சல் வரும், அடுத்த கிழமை ஒன்றும் வராது. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, அனுப்புகிறவர்களோடு கதைத்து, பாதிக் காசைப் பார்சலுக்கும் மீதியை முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கமிருந்து வருகிறவர்களின் போக்குவரத்துக்கும் என்று பிரித்து வைக்கத் தொடங்கியிருக்கிறோம். முதலில் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. "அம்மாவின் பேரில் சோறுதான் போட வேணும்" என்றார்கள். விளங்கப்படுத்தினால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

வைகைக்கரை (மதுரை)

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி அக்கா எழுதியதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். டயப்பர் பத்தி வந்ததும் அவள் எழுந்து போய்விட்டாள். அம்மாவுக்கு அவள்தான் எல்லாம் செய்தாள்.

ஒரு கேள்வி. அம்மாவுக்குக் கடைசியில் வலி மிக அதிகம். ராத்திரி முழுக்க முனகுவார். வலிக்கு யாராவது உதவ முடியுமா, அதற்குப் பணம் கொடுத்தால் பயன் உண்டா?

மலபார்த்தமிழ் (பாலக்காடு)

வைகைக்கரை தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் உள்ளே வந்தேன். நான் பல வருஷமாக இங்கே வலி நிவாரணத் தன்னார்வலர்.

முற்றிய புற்றுநோயின் வலியைப் பெரும்பாலும் குறைக்க முடியும். வாய்வழி மார்ஃபின் மாத்திரை விலை மிகக் குறைவு. அது எல்லா இடத்திலும் கிடைக்காமல் போனதற்குக் காரணம் சட்டம். 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தால் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. பலர் வைத்திருப்பதையே விட்டுவிட்டார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி அதை எளிதாக்கினார்கள். கேரளாவின் வலி நிவாரண மருத்துவர் டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்காகப் போராடியதன் பலன் அது. செங்கதிர் சொன்ன மனு எழுதுகிற வேலையும் நோயாளிக்கு ஆறுதல்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கேரளாவில் இந்த வலி நிவாரணச் சேவை 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்ன வெளிநோயாளர் பிரிவாகத் தொடங்கியது. அப்புறம் மலப்புறம் பக்கம் ஊர் மக்களே கையில் எடுத்தார்கள். ஆட்டோக்காரர், மீன் விற்பவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று மாதம் பத்து ரூபாய், இருபது ரூபாய். கடைகளில் உண்டியல். அந்தச் சில்லறையில் ஒரு ஜீப், ஒரு நர்ஸ் சம்பளம், மருந்து. நர்ஸ் வீடு வீடாகப் போவார், கூட நாங்கள் போவோம். 2008இல் மாநில அரசே இதைக் கொள்கையாக எடுத்துக்கொண்டது. ஊர் செய்து காட்டியதால் அரசு பின்னால் வந்தது.

தமிழ்நாட்டிலும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி நிவாரணச் சேவை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதற்கான பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் அறக்கட்டளைகளும் உண்டு. கொடுக்கிற பணம் பெரும்பாலும் வண்டி டீசலுக்கும் நர்ஸ் சம்பளத்துக்கும்தான் போகும். நிர்வாகச் செலவு என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். நர்ஸ் வீட்டுக்கு வந்து புண்ணைச் சுத்தம் செய்து, மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்து, மாத்திரை அளவைச் சரிபார்த்துவிட்டுப் போனால் அந்த வீடு அன்றைக்குத் தூங்கும்.

பணம் இல்லாதவர்கள் நேரம் கொடுக்கலாம். நான் போகிற வீட்டில் ஒரு பெரியவர், என்னிடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நெல் விலை என்ன, மழை உண்டா என்று கேட்பார். ஒரு மணி நேரம் விவசாயம் பேசிவிட்டு வருவேன். அவர் மனைவி அந்த நேரத்தில் குளித்து, கடைக்குப் போய்விட்டு வந்துவிடுவார்.

மூன்றாம்வார்டு

போட்டோ பற்றி யாரும் பேசவில்லை. வார்டுக்கு வருகிற சிலர் பிரெட் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, படுக்கையோடு சேர்த்துப் படம் எடுப்பார்கள். எனக்கு அப்போது தலைமுடி கொட்டி, முகம் வீங்கியிருந்தது. அந்தப் படம் பேஸ்புக்கில் வந்து, ஊரில் எனக்குப் பெண் கொடுத்த வீட்டார் வரைக்கும் போய்விட்டது. நோய் இருப்பதை நாங்கள் அதுவரை மாமியாரிடம் சொல்லவே இல்லை. அந்த ஒரு பிரெட்டுக்காக இவ்வளவு வேண்டுமா?

கொங்குமணி (திருப்பூர்)

படித்ததும் மனசு கனத்துவிட்டது தம்பி. எங்கள் பக்கத்து நியாயம் என்னவென்றால், படம் போட்டால் அதைப் பார்த்து இன்னும் நாலு கம்பெனி கொடுக்கும். உண்மையிலேயே அப்படி நடந்திருக்கிறது. இனி பொருளை அடுக்கி வைத்து, வாங்கிக்கொள்கிற அதிகாரியோடு மட்டும் படம் எடுக்கச் சொல்கிறேன். நோயாளி யாரும் அதில் வேண்டாம்.

இரவுப்பணி

அது போதும் அண்ணே.

தங்கையின் யோசனைக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரே குடும்பத்துக்கு மொத்தமாகக் கொடுப்பது தப்பே இல்லை. ஆனால் யார் என்று நீங்களே வார்டில் நடந்து தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு படுக்கைக்குக் கொடுத்து அடுத்த படுக்கையைத் தாண்டிப் போனால் அந்த அறையில் ராத்திரி யாருக்கும் நிம்மதி இருக்காது. பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் இருப்பார். யாருக்குக் காப்பீட்டு அட்டை இல்லை, யார் வீட்டில் குழந்தை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டது, யாருக்குத் திட்டத்தில் இல்லாத ஒரு மருந்து தேவை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் வழியாகக் கொடுத்தால் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று இருவருக்குமே தெரிய வேண்டியதில்லை.

காசு செலவில்லாத ஓர் உதவியும் இருக்கிறது. புற்றுநோயாளி சிகிச்சைக்கு ரயிலில் போனால் ஸ்லீப்பரிலும் 3ஏசியிலும் கட்டணம் கிடையாது, கூட வருபவருக்கு 75% சலுகை. டயாலிசிஸ் நோயாளிக்கும் சலுகை உண்டு. டாக்டரிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதும். எத்தனையோ பேருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களுக்குப் படிவம் நிரப்ப வராது. காலை எட்டிலிருந்து பதினொன்று வரை வெளிநோயாளர் பிரிவு வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, படிவம் நிரப்பி, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று கையைக் காட்டி வழி சொல்ல ஓர் ஆள் இருந்தால், அது பெரிய தர்மம். ஓய்வு பெற்ற வாத்தியார்கள் யாராவது இதைப் படித்தால் யோசியுங்கள்.

கணக்குப்புத்தகம்

பணம் கொடுக்கிற முறை பற்றி ஆடிட்டராகச் சிலது. அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் என்று ஒரு கணக்கு இருக்கும். அதில் கட்டி ரசீது வாங்குங்கள், தனிநபர் கையில் கொடுக்க வேண்டாம். அறக்கட்டளைக்குக் கொடுத்து 80ஜி (நன்கொடைக்கான வருமான வரிக்கழிவு) வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது, காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ தேவை. அறக்கட்டளையிடம் வரிக்கழிவுக்கான நன்கொடைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். பொருளாகக் கொடுத்தால் 80ஜி கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. பொருள் கொடுப்பவர்கள் அது மருத்துவமனையின் இருப்புப் பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். ஏறாத பொருள் யாருடைய பொறுப்பும் இல்லை.

நீலாம்பரி (சென்னை)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். தலைமுடி தானம் பயன்படுமா? கல்லூரியில் முகாம் வைக்கப் போகிறார்கள்.

மூன்றாம்வார்டு

பயன்படும் தங்கச்சி. ஒரு விக் செய்யப் பலருடைய முடி வேண்டும். சாயம் பூசாத முடியா, எத்தனை அங்குலம் என்று முகாம் நடத்துகிறவர்களிடம் முதலில் கேளுங்கள். ஆனால் அந்த விக் நோயாளிக்கு இலவசமாகப் போகிறதா என்பதையும் கேளுங்கள். என் வார்டில் விக் கேட்டவர்களைவிடப் பருத்தித் துணியில் தொப்பி கேட்டவர்கள்தான் அதிகம், கோடையில் விக் அரிக்கும். கல்யாணத்துக்கு நிற்கிற பெண், வேலைக்குத் திரும்புகிற பெண் இவர்களுக்கு விக் பெரிய தைரியம். தானம் என்றால் இன்னொன்றும் உண்டு, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. உங்கள் வீட்டில் பால் கொடுக்கிற தாய்மார் இருந்தால் அதையும் சொல்லுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு அது மருந்து.

செங்கதிர்

எல்லாவற்றையும் படித்தேன். என் கருத்து மாறவில்லை, கூட ஒன்று சேர்கிறது. கொடுப்பவர்கள் எதற்காகக் கொடுத்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். இந்த வார்டில் இந்த மாதம் இத்தனை பேருக்குப் பஸ் காசு கொடுக்க வேண்டியிருந்தது என்று ஒரு வருஷக் கணக்கு இருந்தால், அதை வைத்து நான் மனு எழுதுகிறேன். வெறும் கோபத்தோடு போவதைவிடக் கணக்கோடு போவது பலம். வைகைக்கரை சம்மதித்தால் மதுரையில் அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வைகைக்கரை (மதுரை)

சம்மதம் தோழர். நேற்று மூவரும் போய் மருத்துவமனையின் ஆர்.எம்.ஓ.வை (நிலைய மருத்துவ அலுவலர்) பார்த்தோம். பொறுமையாகப் பேசினார். வார்டு சிஸ்டரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். எங்கள் முடிவு இது: 60,000 ரூபாயை ஒரே நாளில் செலவு செய்யாமல் மாதம் 5,000 என்று ஒரு வருஷத்துக்கு. புற்றுநோய் வார்டில் கீமோவுக்குத் தொலைவிலிருந்து வருகிறவர்களுக்குப் போக்குவரத்து, மிச்சத்தில் டயப்பரும் களிம்பும். யாருக்கு என்பதைச் சமூகப் பணியாளர் முடிவு செய்வார், எங்களுக்குப் பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் மாதாமாதம் வரும். அந்த எண்ணிக்கையைச் செங்கதிருக்கு அனுப்புகிறேன்.

மாமாவுக்கு வருத்தம், அன்னதானம் விட்டுப் போகிறதே என்று. திதி அன்று ராத்திரி அட்டெண்டர்களுக்கு இட்லி, சாம்பார், அவரே முன்னின்று போடுகிறார். ஆர்.எம்.ஓ. அனுமதி கொடுத்துவிட்டார், எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், வார்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனையோடு. அடுத்த வருஷம் முதல் மாமாவும் மாதம் ஆயிரம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். தங்கை வாரம் ஒரு நாள் அந்த உதவி மேசையில் உட்காரப் போகிறாள்.

தெல்லிப்பழைவாசி (யாழ்ப்பாணம்)

மிகவும் சந்தோசம் தம்பி. மாதக் கணக்கு வந்ததும் இங்கே போடுங்கோ. நாங்களும் அதே மாதிரி எழுதி வைக்கப் பார்க்கிறோம்.

குறிஞ்சிமலர் (திண்டுக்கல்)

பழைய இழையைத் தேடிப் படித்தேன், ஒரு சந்தேகம். அப்பா படுக்கையில் இருந்தபோது புண் வராமல் இருக்க வாங்கிய ஏர் பெட் வீட்டில் சும்மா கிடக்கிறது. பம்ப் ஓடுகிறது. பழசைக் கொடுத்தால் வாங்குவார்களா?

இரவுப்பணி

தாராளமாக. ஏர் பெட்டுக்கு எப்போதும் தேவை இருக்கும். முதலில் காற்றை நிரப்பி ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள், எங்காவது கசிந்தால் காலையில் சப்பையாகியிருக்கும். சின்ன ஓட்டைக்கு பஞ்சர் ஒட்டிவிடலாம். சோப்புத் தண்ணீரில் துடைத்து, வார்டு சிஸ்டர் சொல்லும் கிருமிநாசினியால் மறுபடி துடைத்து, நிழலில் நன்றாகக் காயவையுங்கள். மடிக்கும்போது ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். மருத்துவமனையில் இடம் இல்லை என்றால் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வலி நிவாரணக் குழுவிடம் கொடுங்கள். அவர்கள் ஒரு வீட்டில் வேலை முடிந்ததும் அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். பம்பையும் இரண்டு ரப்பர் குழாயையும் ஒரே பையில் போட்டுக் கொடுங்கள், தனித்தனியாக வந்தால் எது எதோடு சேரும் என்று கண்டுபிடிக்க முடிவதில்லை.